பத்தொன்பதாம் பக்கம்

ஜூன் 3, திங்கள்

என் பெயர் தாண்டவராயன். வயது எழுபத்தொன்று. இதை எழுதுவதும் நானே.

எழுத்தறிவுத் தேர்வில் தேறிவிட்டேன். எங்கள் வகுப்பில் ஆறு பெண்கள், ஆண்பிள்ளை நான் ஒருவன். ஷம்ஷாத் டீச்சர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கு மட்டும் லட்டோடு இந்த நோட்டும் கொடுத்தார். "தினம் எழுதுங்க ஐயா. கதை கட்டாதீங்க. நடந்ததை மட்டும் எழுதுங்க" என்றார்.

இவ்வளவும் எழுத மதியச் சாப்பாட்டில் இருந்து சாயங்கால டீ வரை ஆகிவிட்டது. என் மனைவி குணபூஷணம் எட்டிப் பார்த்து, "கையெழுத்துப் போடத்தானே கத்துக்கப் போனீங்க? இப்ப இன்னா, பத்திரப் பதிவா நடக்குது?" என்றாள்.

ஜூன் 4, செவ்வாய்

பஸ் நிலையத்துச் சுவரில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியிருக்கிறது. முப்பது வருஷமாக அந்தச் சுவர்தான். இன்று படித்துவிட்டுத் திரும்பி நடந்தேன். படிப்பால் வந்த முதல் கஷ்டம்.

ஜூன் 7, வெள்ளி

பிச்சாண்டி வீட்டுக்குப் போனேன். மூன்று தெரு தள்ளி. வழியில் இரண்டு இடத்தில் நின்றேன். தெருவில் தூசு அதிகம்.

பிச்சாண்டியும் நானும் ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்தவர்கள். அவன் சிப்பாய், நான் சமையல்காரன். எண்பத்தேழில் இருவரும் வடக்கே ஒரு மலையடிவாரத்தில், வெடிமருந்துக் கிடங்கில் இருந்தோம். அந்த இடத்தின் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள். எனக்கு எழுதவே தெரியாது என்று சொன்னேன். பரவாயில்லை, சத்தியம் செய் என்றார்கள். இன்று எழுதத் தெரிந்தும் எழுதவில்லை.

அங்கே தீப்பிடித்தது. அணைக்கப் போன பதினோரு பேரில் இன்று உயிரோடு இருப்பது பிச்சாண்டி மட்டும். மஞ்சள் புகைக்குள் மூன்று மணி நேரம் நின்றான். அடுத்த வருஷமே நுரையீரல் கெட்டது, கண் பார்வை மங்கியது. பென்ஷனுக்கு வேண்டிய வருஷங்கள் முடியும் முன்னே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையால் வந்த நோய் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டால்தான் அவனுக்கு ராணுவ ஆஸ்பத்திரியில் இடம். அரசாங்கத்தின் பதில் இதுதான்: 'தீவிரவாதிகள் வைத்த சாதாரணத் தீ. கிடங்கில் நச்சுப் பொருள் எதுவும் இல்லை. மனுதாரரின் நோய் பீடிப் பழக்கத்தால் வந்திருக்கலாம்.'

பிச்சாண்டி பீடியைத் தொட்டதே இல்லை. பீடி பிடித்தது நான்.

இப்போது மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு ஆக்ஸிஜன் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். மழைக்காலத்துக்கு முன் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னை ராணுவத் தீர்ப்பாயத்தில் வழக்கு செப்டம்பரில் வருகிறது. வக்கீலம்மா தகவல் உரிமைச் சட்டத்தில் கிடங்கின் பழைய காகிதங்களை வாங்கி, தமிழில் மாற்றச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நாற்பத்தாறு பக்கம்.

"எனக்குக் கண்ணு தெரியல. பச்சையம்மாவுக்கு எழுத்தே தெரியாது. நீதான் இப்ப படிச்சவனாச்சே. வந்து படிடா" என்றான்.

படிச்சவனாச்சே! வீட்டுக்கு வந்து குணபூஷணத்திடம் இரண்டு முறை சொன்னேன்.

ஜூன் 9, ஞாயிறு

எங்கள் வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் இருக்கிறது. தீவிரவாதிகளைப் பார்த்துத் தைரியமாகத் தகவல் சொன்னதற்காகக் கொடுத்தது. இங்கிலீஷில் இருப்பதால் என்னால் இன்னும் படிக்க முடியாது. குணபூஷணம் வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துப் பொட்டு வைப்பாள்.

ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்தும் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் கொடி ஏற்றியதும், தலைவர் சுபேதார் எத்திராஜ் எனக்குச் சால்வை போர்த்துவார். நான் மைக்கில் சொல்வேன். முகத்தில் கறுப்புத் துணி கட்டிய இரண்டு பேர் மதில் ஏறிக் குதித்தார்கள், ஒருவன் கையில் பை. சில வருஷம் மூன்று பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

வெந்நீர் அடுப்பின் சாம்பலை அள்ளினேன். மூன்று முறை தண்ணீர் ஊற்றினேன். "செத்த சாம்பல எத்தினி வாட்டி சாகடிப்பீங்க?" என்றாள் குணபூஷணம். பழக்கம்.

ஜூன் 13, வியாழன்

வாசிப்பு தொடங்கிவிட்டது! நான் நாற்காலியில், பிச்சாண்டி கட்டிலில், அவன் மனைவி பச்சையம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டு. ஒரு நாளைக்கு நாலு பக்கம் என்று பேச்சு. மூன்றுதான் முடிந்தது.

'கிடங்கின் எல்லைச் சுவர் எட்டடி உயரம் உடையது.' இந்த ஒரு வரிக்கு நான் மூன்று இடத்தில் நின்றேன். பழைய விஷயம், ஆனால் காகிதம் புதிது, அதிலும் தூசு இருக்கும் போலிருக்கிறது.

"செவுரு எட்டடின்னு எனக்குத் தெரியாதா? மேல போடா" என்றான் பிச்சாண்டி.

"எழுத்து இருக்குது, படிக்கிறேன். உனக்குத் தெரிஞ்சதெல்லாம் தாண்டிப் போனா அது படிப்பா?"

"நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள கேஸே முடிஞ்சிடும்."

பச்சையம்மா சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாள் ஆகிறது.

ஜூன் 18, செவ்வாய்

இன்று பதினேழு, பதினெட்டு, இருபது. பத்தொன்பதாம் பக்கம் பதினெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் இருபதுக்குப் போய்விட்டேன்.

"பதினெட்டுக்கு அப்புறம் இன்னா?" என்று கேட்டான். அவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வருகிறான்.

"எல்லாம் போர்வைக் கணக்குடா" என்றேன்.

ஜூன் 19, புதன்

எழுத ஒன்றும் இல்லை. அவரைக்காய் வாங்கினேன்.

ஜூன் 20, வியாழன்

அவரைக்காய் முற்றல் என்று குணபூஷணம் சொன்னாள்.

ஜூன் 22, சனி

வக்கீலம்மா பரிமளா வேலூரில் இருந்து பஸ்ஸில் பிச்சாண்டி வீட்டுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். கறுப்புக் கோட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். பச்சையம்மா காபி போட உள்ளே போனதும், பிச்சாண்டி கண் அயர்ந்ததும், என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"பத்தொன்பதாம் பக்கத்துல இருக்கறது உங்க வாக்குமூலம்தானே ஐயா?"

நான் செருப்பைப் பார்த்தேன்.

"ஏழாம் கொட்டகையில கம்பளியும் கூடாரத் துணியும் மட்டும்தான் இருந்துச்சு, டிரம் எதையும் நான் பார்த்ததில்லைன்னு சொல்லியிருக்கீங்க. அந்தக் கொட்டகைக்குத் தினமும் டீ கொண்டுபோன ஆளே டிரம் இல்லைங்கறாரே, அப்புறம் புகை எங்கிருந்து விஷமாச்சுன்னு கேக்கறாங்க. அவங்க கேஸ் பூரா அந்த ஒரு பக்கத்து மேலதான் நிக்குது. பிச்சாண்டி ஐயாவுக்குத் தெரியுமா?"

"தீவிரவாதியப் பாத்தேன்னு நான் சொன்னது தெரியும். டிரம் விஷயம் தெரியாது."

"டிரம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நீல கலரு. மழைக்கு அப்புறம் ஒழுவும். அங்க காவலுக்கு நிக்கறவன் ஈரத் துணிய மூக்குல கட்டிக்கினுதான் டீ வாங்குவான்."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு ஒரு வழி சொன்னார். வாக்குமூலத்தின் அடியில் இருப்பது என் கைரேகை. எனக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் ரேகை வைத்தேன் என்று ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். "உங்க மேல ஒரு தப்பும் வராது. ஏமாத்தினது அவங்க" என்றார்.

நல்ல பெண். எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டார். வரும் வழியில் ஜிலேபி வாங்கினேன்.

ஜூன் 24, திங்கள்

பிரமாணப் பத்திரத்தை நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். 'எனக்கு எதுவும் தெரியாது' என்று எழுதினேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. அடித்தேன். மறுபடி எழுதினேன். அடித்தேன். நாலு தாள் போயிற்று.

ஷம்ஷாத் டீச்சரிடம் கேட்டேன். "டீச்சர், பொய்ய எழுதினா எழுத்து கோணலா வருமா?"

"எழுத்து நேராத்தான் வரும் ஐயா. அதான் கஷ்டமே" என்றார். ஏன் கேட்கிறேன் என்று கேட்கவில்லை.

ஜூன் 26, புதன்

நடந்ததை மட்டும் எழுது என்றார் டீச்சர். எழுதுகிறேன். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன்.

தீப்பிடித்த அன்றைக்கு வேலைக்காரன் வரவில்லை. டீக்கு நேரமாகிவிட்டது. அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளி, தண்ணீர் ஊற்றாமல், பின்பக்கம் புல்லில் கொட்டினேன். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது உத்தரவு. கொட்டிவிட்டு டீயைத் தூக்கிக்கொண்டு போனேன். பத்து மணிக்கு ஏழாம் கொட்டகையில் இருந்து புகை வந்தது. முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள். நான் யாரையும் பார்க்கவில்லை. மதில் மேல் ஒரு காக்கைகூட இல்லை. பார்த்தது புகை. பிச்சாண்டி தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அதற்குள் ஓடியதைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "தூரமா போடா" என்றான்.

நான் போகவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிச் செய்தி. மெஸ்ஸில் டிரான்சிஸ்டர் இருந்தது. கிடங்கின் மேல் தீவிரவாதிகள் தாக்குதல், அவர்கள் மதில் ஏறிக் குதித்ததைச் சமையல்காரர் ஒருவர் நேரில் பார்த்தார் என்று ரேடியோ சொன்னது. இந்தியில் சொன்னது. எங்கள் கிடங்கில் சமையல்காரர் நாங்கள் இரண்டு பேர். இன்னொருவன் ஊருக்குப் போயிருந்தான். அப்படியென்றால் பார்த்தவன் நான்தான். என்னை அதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை மேஜர் சாப் கூப்பிட்டார். மேஜையில் காகிதம் தயாராக இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் அவரே இந்தியில் படித்துக் காட்டினார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. பதின்மூன்று வருஷம் வடக்கே இருந்தவன் நான். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. கறுப்புத் துணி கட்டிய இரண்டு பேர் என்பதும் புரிந்தது, டிரம் இல்லை என்பதும் புரிந்தது.

"சாப், நான் யாரையும் பார்க்கலையே" என்றேன்.

அவர் கத்தவில்லை. ஜன்னல் வழியாக என் அடுப்படியைக் காட்டினார். "நேற்றுக் காலை சாம்பலை எங்கே கொட்டினாய்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, "வந்தது தீவிரவாதி இல்லையென்றால், தீ வைத்தது நீதான்" என்றார்.

ரேகை வைத்தேன். வைத்தபின் துடைத்துக்கொள்ளத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அது இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நான் வைக்கவில்லை.

மணி இப்போது நாலு. மதியம் சாப்பிடவில்லை. நடுவில் சாக்பீஸ் தூசு தொண்டையில் ஏறிக்கொண்டது. வீட்டில் சாக்பீஸ் ஏது என்று குணபூஷணம் கேட்டாள்.

ஜூலை 1, திங்கள்

இன்று முப்பத்தெட்டாம் பக்கம். தீப்பிடித்த நாலாம் நாள் ஒரு பொறியாளர் எழுதிய கடிதம். பிச்சாண்டி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'தீ ஏழாம் கொட்டகையின் வடக்கு மூலையில், உட்புறத்தில் தொடங்கியுள்ளது. அங்கு வைக்கப்பட்டிருந்த டிரம்களின் கசிவு குறித்து ஏற்கெனவே நான்கு முறை கடிதம் எழுதப்பட்டது. நடவடிக்கை இல்லை. வெளியாட்கள் நுழைந்ததற்குத் தடயம் இல்லை. சமையலறை தெற்கே முந்நூறு கெஜத்தில் உள்ளது. காற்று வடக்கில் இருந்து வீசியது. சமையலறைக்கும் தீக்கும் தொடர்பு...'

அடுத்த சொல் 'இல்லை.' சின்னச் சொல். முதல் வகுப்பிலேயே படித்த சொல். வாயில் வரவில்லை.

"இன்னாடா ஆச்சு? அழறியா? இதுல அழறதுக்கு இன்னா கீது? நம்ம கட்சிக்கு நல்லதாத்தானே எழுதியிருக்கான்!" என்றான்.

நான் தாள்களைப் பின்னால் தள்ளிப் பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்தேன். அது எதோடும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். கீழே 'இடது கைப் பெருவிரல் ரேகை, சமையல்காரர் தாண்டவராயன், படித்துக் காட்டப்பட்டுப் புரிந்துகொண்டார்' என்று இருந்தது. அதையும் படித்தேன்.

பிச்சாண்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"புரிஞ்சிக்கினியா?" என்றான்.

"புரிஞ்சிக்கினேன்."

"ஆக, வந்தவன் எவனும் இல்ல. வருஷா வருஷம் மைக்குல சொன்னது?"

"இல்ல."

"என் பொண்ணு கல்யாணத்துல நீ தாய்மாமன் மாதிரி மொத ஆளா நின்னப்போ? ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கினு போனப்போ? அப்பல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "நீ போ" என்றான். பச்சையம்மா தாள்களை என் கையில் இருந்து வாங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

ஜூலை 2, செவ்வாய்

சாம்பலுக்கு ஒரு முறைதான் தண்ணீர் ஊற்றினேன். பிறகு திரும்பிப் போய் இன்னும் இரண்டு முறை ஊற்றிவிட்டு வந்தேன்.

ஜூலை 5, வெள்ளி

குணபூஷணத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் துணியோடு சான்றிதழ் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். துடைத்தாள். பொட்டு வைக்கவில்லை.

"மொத்தம் எத்தினி வெள்ளிக்கெழம இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 11, வியாழன்

பிச்சாண்டியின் தெரு வரை போனேன். பக்கத்து மாவு மில் தூசு ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பிவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

போனேன். கதவு சாத்தியிருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

போனேன். பச்சையம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "தூங்குறாரு" என்றாள். உள்ளே அவன் ரேடியோவை மாற்றி மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

ஜூலை 20, சனி

சுபேதார் எத்திராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார். எண்பது வயதிலும் இஸ்திரி போட்ட சட்டை. விஷயம் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது.

"தாண்டவராயா, நீ வக்கீலுக்கு என்னவோ எழுதித் தரப்போறியாமே. நம்ம ராணுவத்துக்கு அவமானம்பா அது."

"ராணுவம்னா பிச்சாண்டியும்தானே சாப்?"

"பாவம்தான். நான் இல்லைங்கல. ஆனா அந்தக் காலத்துல அரசாங்கம் சொன்னது ஜனங்க நல்லதுக்கு. கெடங்குல விஷம்னு தெரிஞ்சா சுத்துப்பட்டு ஊரெல்லாம் பீதியாயிருக்கும்."

"தெரிஞ்சிருந்தா சுத்துப்பட்டு ஊர்க்காரன் விஷம் எறங்கின கெணத்துத் தண்ணியக் குடிக்காம இருந்திருப்பான்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய் சாட்சி சொன்னேன்னு நீயே எழுதிக் குடுத்தா உன் பென்ஷனுக்கு வினை வரும். உன் ராணுவ ஆஸ்பத்திரி அட்டையப் புடுங்குவாங்க. அப்புறம் உன் நெலைமை என்னா? யோசிச்சுக்கோ."

குணபூஷணம் உள்ளே இருந்து வந்தாள். "டீ ஆறிப்போவுது. குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றாள்.

அவர் போனபின் என்னைப் பார்த்து, "அட்டைய வச்சுக்கினு மட்டும் இன்னா பண்றீங்க? ஒரு நாளாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்களா?" என்றாள். எனக்கு எதற்கு ஆஸ்பத்திரி?

ஆகஸ்ட் 2, வெள்ளி

வக்கீலம்மாவுக்கு ஜூன் 26 எழுதியதை அப்படியே பார்த்து எழுதித் தபாலில் போட்டேன். கவரின் மேல் விலாசமும் நானே எழுதினேன். போஸ்ட் ஆபீஸ்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். போய்ச் சேர்ந்துவிடும்!

ஆகஸ்ட் 7, புதன்

வக்கீலம்மா போன் செய்தார். "தெரிஞ்சே ரேகை வச்சேன்னு எழுதணுமா ஐயா? தெரியாம வச்சேன்னு எழுதினா உங்களுக்கும் பாதுகாப்பு, கேஸுக்கும் போதும்."

"அவங்க காகிதத்துலயே படிச்சுக் காட்டினோம்னு எழுதியிருக்காங்க. நான் தெரியாதுன்னா, இவன் மறுபடியும் பொய் சொல்றான்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க இல்லம்மா?"

"நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்றார்.

இப்போதுதான் ஒன்றாம் புத்தகம் முடித்திருக்கிறேன் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

சங்கத்தில் இருந்து அழைப்பு வந்திருந்தது. எத்திராஜ் சாப் நம்புகிற மனிதர். நான் மனம் மாறிவிடுவேன் என்று நம்பிச் சால்வையும் வாங்கி வைத்திருந்தார்.

கொடி ஏறியது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பச்சையம்மா பின்னால் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தாள். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவள். மைக்கைக் கொடுத்தார்கள்.

"நான் யாரையும் பாக்கல" என்றேன். "மதில் ஏறி எவனும் குதிக்கல. ஏழாம் ஷெட்டுல டிரம் ஒழுவுச்சு, அதுல தீப்புடிச்சுது. டிரம்மே இல்லன்னு ரேகை வச்சவன் நான். அத அணைக்கப் போன பதினோரு பேருல பத்துப் பேரு போயிட்டாங்க. பதினோராவது ஆளு மூணாவது தெருவுல மூக்குல கொழாயோட கீறான். சால்வைய அவனுக்குப் போத்துங்க."

பிள்ளைகள் கை தட்டினார்கள். எப்போதும் தட்டுகிறவர்கள்.

எத்திராஜ் சாப் மைக்கைப் பிடுங்கினார். "வயசாயிடுச்சு. ஞாபக மறதி" என்றார்.

இறங்கும்போது படியில் உட்கார்ந்துவிட்டேன். மைதானத்தில் தூசு. யாரோ ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தால் பச்சையம்மா. குடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தால் சான்றிதழைக் கழற்றி வைத்திருக்கிறாள் குணபூஷணம். ஆணி மட்டும் இருக்கிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

வேலூரில் நோட்டரி ஆபீஸ். என் எழுத்தை டைப் செய்திருந்தார்கள். ஒரு மணி நேரம் எடுத்துப் படித்தேன். யாரையும் படித்துக் காட்ட விடவில்லை. கையெழுத்துப் போட்டேன். தா, ண், ட, வ, ரா, ய, ன். ஒன்றும் விடுபடவில்லை.

அப்போது நோட்டரி மைப்பெட்டியைத் திறந்தார். எனக்குக் கோபம் வந்தது. "அதான் கையெழுத்துப் போட்டுட்டேனே!"

"ரேகையும் வேணும் ஐயா" என்றார் வக்கீலம்மா. "அன்னிக்கு ரேகை வச்ச ஆளும் இன்னிக்குக் கையெழுத்துப் போடற ஆளும் ஒருத்தர்தான்னு அவங்க சரிபார்க்கணும்."

வைத்தேன். அதே விரல். துடைக்கத் துணி நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மை ரெண்டு நாள் இருக்கட்டும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

சென்னை. குணபூஷணமும் பச்சையம்மாவும் என்னோடு வந்தார்கள். பிச்சாண்டியால் வர முடியவில்லை. ரயிலில் பச்சையம்மா ஜன்னல் பக்கம் எனக்கு இடம் விட்டாள். சென்னையில் தூசு மிக அதிகம்.

தீர்ப்பாயத்தில் இரண்டு பேர் மேலே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நீதிபதி, ஒருவர் பெரிய ராணுவ அதிகாரியாக இருந்தவர். அரசாங்கத்தின் வக்கீல் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

"அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னிக்குச் சொன்னதுங்க."

"எதை வச்சு நம்பறது?"

"அன்னிக்குச் சொன்னதுக்குச் சான்றிதழும் சால்வையும் குடுத்தாங்க. இன்னிக்குச் சொல்றதுக்கு இன்னா குடுப்பீங்கன்னு நீங்கதாங்க சொல்லணும்."

அவர் உட்கார்ந்துவிட்டார். அதிகாரியாக இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தீ எரியும்போது நீங்க எங்கே இருந்தீங்க?" என்று கேட்டார். தமிழில் கேட்டார்.

"தண்ணி எடுத்துக் குடுத்துக்கினு இருந்தேன் சாப்."

"எவ்வளவு நேரம்?"

"அவங்க நின்ன நேரம் பூராவும்."

"உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சாப்" என்றேன். அதைச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் காத்திருந்தார். பிறகு ஏதோ குறித்துக்கொண்டார்.

ஏழாம் கொட்டகையின் இருப்புப் பதிவேடும், பொறியாளர் எழுதிய நாலு கடிதங்களும் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும் என்று உத்தரவு. அதுவரை காத்திருக்காமல் பிச்சாண்டியை உடனே ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், புதிய மருத்துவர் குழு பார்க்க வேண்டும். தீர்ப்பு இன்னும் இல்லை. ஆனால் மழைக்கு முன் இடம் கிடைத்துவிட்டது.

என் பொய் சாட்சி பற்றிப் பிறகு பார்க்கப்படும் என்றும் ஒரு வரி இருக்கிறது. நானே படித்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

காலையில் பச்சையம்மா வந்து, "கூப்பிடறாரு" என்றாள்.

பிச்சாண்டி பை கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மதியம் ஆம்புலன்ஸ் வருகிறது. சவரம் செய்திருந்தான். என் பக்கம் திரும்பவில்லை.

"நீ எழுதினது இருந்தா படி" என்றான்.

படித்தேன். சாம்பல் வாளி வந்தது. மஞ்சள் புகை வந்தது. 'தூரமா போடா' என்று அவன் சொன்ன இடம் வந்தபோது, "நான் அப்படியா சொன்னேன்?" என்றான். சொன்னாய் என்றேன். "போவலியே நீ" என்றான்.

ஆறு மணிச் செய்திக்கு வரும்போது என்னால் மேலே போக முடியவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினேன். அது நிற்கவில்லை. அவன் தன் மூக்கில் இருந்த குழாயைக் கழற்றினான். கையால் தடவி என் முகத்தைக் கண்டுபிடித்து அதை நீட்டினான்.

"த, ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் படி. தூசாம் தூசு. என் காதுமா போயிடுச்சு? எத்தினி வருஷமா கேக்கறேன் இந்தச் சத்தத்த."

"உனக்கு?"

"ரெண்டு நிமிஷம் தாங்குவேன். அதுக்குள்ள நீ ஒரு வரி படிச்சிட மாட்டியா?"

குழாயை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படித்து முடித்தோம். அவன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "அந்த முப்பத்தெட்டாம் பக்கத்துல இருந்து மிச்சம் கீதே. ஆஸ்பத்திரிக்கு எடுத்தாந்து படி" என்றான்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை முதலில் இருந்து புரட்டினேன். இன்றைக்கு முன்னால் தூசு என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடித்தால் நான் பொய் எழுதியது யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் அவை அப்படியே இருக்கட்டும். கீழே ஒரு வரி எழுதுகிறேன்.

அது தூசு இல்லை. நாளை என் அட்டையை எடுத்துக்கொண்டு நானும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.